இரண்டு உடல், ஒரு நாற்காலி: ஒலிம்பிக்கில் கேட்டமரானின் ஐம்பது ஆண்டுகள்

மலர்க் குழுவிலிருந்து வந்த இருவரும், "கேட்டமரான் பந்தயம் பற்றி நாலு பக்கம் வேண்டும், ஐம்பதாம் ஆண்டு சார்" என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பதோடு நூற்றைம்பதும் சேர்ந்து வருகிறது. 1876 ஜூனில் நியூயார்க் விரிகுடாவில் இரட்டையுடல் படகு ஒன்று பந்தயத்தில் முதலாவதாக வந்து, பரிசைப் பறிகொடுத்தது. 1976 ஜூலையில் கனடாவின் கிங்ஸ்டனில் அதன் வாரிசு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது. சரியாக ஒரு நூற்றாண்டு காத்திருப்பு. பிறகு 32 ஆண்டுகள் உள்ளே இருந்து, ஒருமுறை வெளியேற்றப்பட்டு, மறுபடியும் நுழைந்திருக்கிறது. இந்த 2026இல் அதன் வரலாற்றை எழுதுகிறவன், படகைப் பற்றி எவ்வளவு எழுதுகிறானோ அவ்வளவு குழுக் கூட்டங்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும்.

முதலில் பெயர் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். விழா மலர் என்றால் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். கேட்டமரான் என்பது நம் கட்டுமரம்தான், சந்தேகமில்லை. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். சொல் அப்படியே ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. ஆனால் சொல் போனதே தவிர, மரம் போகவில்லை. இன்று உலகம் கேட்டமரான் என்றழைக்கும் இரட்டையுடல் படகின் மூதாதை பசிபிக் தீவுகளில் இருக்கிறது. இரண்டு ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்துப் பெருங்கடலைத் தாண்டிய மக்களின் கலம் அது. வெள்ளைக்காரர்கள் அந்தக் கலத்துக்கு நம்மூர்ப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆகவே, 'உலகப் படகுப் பந்தயத்துக்குத் தமிழன் தந்த கொடை' என்று மேடையில் முழங்குகிறவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம். நாம் தந்தது பெயர்.

இருந்தாலும் ஓர் ஒற்றுமை உண்டு. கட்டுமரத்துக்குள் யாரும் இறங்கி உட்காருவதில்லை, மேலேதான் உட்காருகிறோம். அலை ஏறி வந்தால் கட்டைகளின் இடுக்கு வழியே நீர் இறங்கிப் போய்விடும். இறைப்பதற்கு அதில் ஒன்றும் தேங்காது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். ஒலிம்பிக் கேட்டமரானிலும் இதேதான். இரண்டு உடல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வலைத்துணியின் மேல் இருவர். அலை வந்தால் துணியின் வழியே கீழே போய்விடும். போட்டி முடிந்ததும் குறுக்குச் சட்டங்களைக் கழற்றி, இரண்டு உடல்களையும் தனித்தனியாக வண்டியில் ஏற்றலாம். உறவு பெயரளவில்தான், பழக்கவழக்கத்தில் ஏனோ பங்காளிகள் போலவே இருக்கிறார்கள்.

பரிசைத் திருப்பிக் கேட்ட பந்தயம்

1876இல் அமெரிக்க சுதந்திரத்தின் நூற்றாண்டு விழா. அதையொட்டி நியூயார்க்கில் நடந்த பந்தயத்துக்கு ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரிலிருந்து 28 வயது இளைஞர் ஒருவர் தாமே வடிவமைத்த படகோடு வந்தார். பெயர் நத்தானியல் ஹெர்ரஷாஃப். படகின் பெயர் அமரில்லிஸ். சுமார் 25 அடி நீளம், ஒல்லியான இரண்டு உடல்கள். அன்றைய பந்தயப் படகு என்றால் அகன்ற வயிறு, அடியில் பாரம், மேலே மலைபோல் பாய். அந்தக் கூட்டத்தில் இதைப் பார்த்தவர்கள் சிரித்திருக்க வேண்டும். காற்று எழுந்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அமரில்லிஸ் மற்றவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளி முதலாவதாக வந்தது.

தோற்றவர்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்கள். இது படகே அல்ல என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், பரிசு போயிற்று. ஹெர்ரஷாஃப் மறு ஆண்டே தன் வடிவமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னும் சில கேட்டமரான்களையும் கட்டினார். ஆனால் அவற்றோடு மோதிப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை. ஒழுங்கான பந்தயங்களின் கதவு இரட்டையுடலுக்கு மூடிக்கொண்டது. அவரும் ஒற்றையுடல் படகுகளுக்குத் திரும்பினார். படகுப் பந்தயத்தின் பெருங்கோப்பையான அமெரிக்கா கோப்பையை 1893 முதல் 1920 வரை காத்த படகுகள் அவர் வரைந்தவை. படகு வடிவமைப்பில் அந்தக் காலத்தின் மிகப் பெரிய மூளை, தன் இளமைக் கண்டுபிடிப்பை ஓரமாக வைத்துவிட்டு, பிறர் ஒப்புக்கொண்ட வகையில் பெயர் வாங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்றைய நடுவர்களை மடையர்கள் என்று தள்ளிவிட முடியாது. ஒற்றையுடல் படகு நிமிர்ந்து நிற்க அடியில் ஈயமோ இரும்போ சுமக்கிறது. கேட்டமரான் அகலத்தாலேயே நிற்கிறது, பாரம் கிடையாது. காற்று தள்ளும்போது ஒன்று கனத்தை இழுத்துக்கொண்டு போகிறது, மற்றது கைவீசிப் போகிறது. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடுவது மாட்டு வண்டியையும் சைக்கிளையும் போட்டிக்கு விடுவது மாதிரி. தனிப் பிரிவு கொடுத்திருக்க வேண்டும். அதைக் கொடுக்க எழுபது, எண்பது ஆண்டுகள் ஆயின என்பதுதான் குறை.

அந்த இடைவெளியில் கதை மறுபடி பசிபிக்கில் தொடங்குகிறது. ஹவாயில் 1947இல் வுடி பிரவுனும் ஆல்ஃபிரட் குமலேயும் சேர்ந்து 'மனு காய்' என்ற கேட்டமரானைக் கட்டினார்கள். இங்கிலாந்தின் கான்வி தீவில் ரோலண்ட், ஃபிரான்சிஸ் ப்ரௌட் என்ற சகோதரர்கள், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் துடுப்புப் படகு வலித்தவர்கள், இரண்டு ஒல்லி உடல்களைச் சேர்த்து 'ஷியர்வாட்டர்' வகையை உண்டாக்கினார்கள். கலிஃபோர்னியாவில் சர்ஃப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர் 1968இல் ஹோபி 14 என்ற கடற்கரைக் கேட்டமரானைக் கொண்டுவந்தார். அடுத்து ஹோபி 16. படகுச் சங்கமும் துறையும் இல்லாமலேயே மணலிலிருந்து தள்ளிவிட்டுக் கிளம்பலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். நம் காசிமேட்டிலும் கோவளத்திலும் அதை யாரும் புதுமை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

1961இல் அமெரிக்கரும் ஆங்கிலேயரும் 'சி' வகுப்புக் கேட்டமரான்களுக்கென ஒரு கோப்பைப் போட்டியைத் தொடங்கினார்கள். செல்லமாக 'சின்ன அமெரிக்கா கோப்பை' என்பார்கள். நீளம் 25 அடி, அகலம் 14 அடி, பாய் 300 சதுர அடி. இதற்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அந்தச் சுதந்திரத்தில்தான் துணிப் பாய்க்குப் பதில் விமான இறக்கையையே செங்குத்தாக நிறுத்தும் வித்தை வளர்ந்தது. பத்துப் பேர்கூட வேடிக்கை பார்க்காத பந்தயங்களில் கற்ற அந்த வித்தைதான் பிற்பாடு கோடிக்கணக்கான டாலர் புரளும் இடத்துக்குப் போனது.

டொர்னாடோ

சர்வதேசப் படகுப் பந்தய ஒன்றியம் 1967இல் இங்கிலாந்தின் ஷெப்பி தீவருகே தேர்வு நடத்தியது. இருவர் ஓட்டும் 'பி' வகுப்புக்கு ஒரு படகு வேண்டும். 20 அடி நீளம், 10 அடி அகலம், 235 சதுர அடிப் பாய். எசெக்ஸ் கரையில் பிரைட்லிங்சீ என்ற சிற்றூரைச் சேர்ந்த மூவர் கொண்டுவந்த படகு மற்ற எல்லாவற்றையும் தாண்டிப் போனது. வரைந்தவர் ரோட்னி மார்ச். உடன் நின்றவர்கள் டெர்ரி பியர்ஸ், ரெக் வைட். படகின் பெயர் டொர்னாடோ.

1976 ஒலிம்பிக் பட்டியலில் அது ஏறியபோது, கிங்ஸ்டனில் அதை ஓட்டித் தங்கம் வென்றவரும் அதே ரெக் வைட்தான். கூட ஓட்டியவர் ஜான் ஆஸ்பர்ன், வைட்டின் மைத்துனர். ஊர்ப் பட்டறையில் உருவான படகு, அதைக் கட்டியவர் கையாலேயே ஒலிம்பிக்கில் முதலாவதாக வந்தது. மாமன் மச்சான் கூட்டணிக்கு உலகத்தில் எங்கும் மதிப்பு இருக்கிறது.

டொர்னாடோவின் அழகு அது நிற்கும் நிலையில் இருக்கிறது. காற்றடிக்கும் பக்கத்து உடல் நீரிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கிக்கொண்டு, ஒட்டியும் ஒட்டாமலும் பறக்க வேண்டும். இன்னும் உயர்ந்தால் வேகம் குறையும். தாழ்ந்தால் நீர் பிடித்து இழுக்கும். அந்த ஒரு சாணைக் காப்பதற்கு ஒருவர் இடுப்புக் கொக்கியை ட்ரப்பீஸ் கம்பியில் மாட்டி, பாதத்தைப் படகின் விளிம்பில் ஊன்றி, முதுகு அலையைத் தொடும்படி வெளியே கிடப்பார். பாய்க்கயிறு அவர் கையில். காற்று ஒரு விநாடி கூடினால் ஒரு முழம் விடுவார், குறைந்தால் இழுப்பார். சுக்கான் பிடிப்பவர் முன்னால் வரும் காற்றை நீரின் நிறத்தில் படித்துக்கொண்டிருப்பார். இருவரும் பேசிக்கொள்வது குறைவு. வேகம் கூடக் கூடப் படகு தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். காற்று பின்னாலிருந்து வீசினாலும் ஓட்டுபவர் முகத்தில் காற்று எதிரேதான் அடிக்கும். இதனால் கேட்டமரான்காரர்கள் இலக்கை நோக்கி நேராகப் போவதில்லை. சுற்றிப் போனாலும் முந்திப் போகிறார்கள்.

பிறகு வந்த ஒலிம்பிக்குகளில் இந்தப் பிரிவு எந்த ஒரு நாட்டின் வீட்டுச் சொத்தாகவும் ஆகவில்லை. 1980இல் டாலினில் பிரேசில், 1984இல் நியூசிலாந்தின் ரெக்ஸ் செல்லர்ஸ், கிரிஸ் டிம்ஸ், 1988இலும் 1992இலும் பிரான்ஸ், 1996இல் ஸ்பெயின், 2000இலும் 2004இலும், கடலே இல்லாத ஆஸ்திரியாவின் ரோமன் ஹகாரா, ஹான்ஸ்-பீட்டர் ஸ்டைனாக்கர், 2008இல் மறுபடி ஸ்பெயின். 1980இல் சுவீடனுக்கு வெண்கலம் வாங்கித் தந்த யோரான் மார்ஸ்ட்ரோம் பின்னாளில் வெஸ்டர்விக் ஊரில் பட்டறை வைத்துச் சிறந்த டொர்னாடோக்களைக் கட்டினார். ஓட்டுபவர் கட்டுபவராவதும் கட்டுபவர் ஓட்டுபவராவதும் இந்த வகுப்பில் சாதாரணம். சிட்னி ஒலிம்பிக்குக்குப் பிறகு இரண்டாவது ட்ரப்பீஸும் பெரிய ஸ்பின்னக்கர் பாயும் சேர்த்தார்கள். முப்பது வயதுப் படகு புது மாப்பிள்ளை போல் ஆனது.

இந்தப் பட்டியலில் நான் நின்று பார்க்கும் பெயர் தங்கம் வென்றவருடையது அல்ல. பிரேசிலின் லார்ஸ் கிராயெல் 1988இலும் 1996இலும் டொர்னாடோவில் வெண்கலம் வென்றவர். 1998இல் விட்டோரியா நகரருகே பாய்ப்படகில் இருந்தபோது ஒரு மோட்டார் படகு வந்து மோதி, அவர் வலது காலை இழந்தார். கேட்டமரான் விளிம்பில் பாதம் ஊன்றி நிற்கும் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. கடலை அவர் விடவில்லை. உட்கார்ந்து ஓட்டக்கூடிய ஸ்டார் வகுப்புக்கு மாறி, 2015இல் அதில் உலகச் சாம்பியன் ஆனார். அவர் குடும்பத்தைப் பற்றிப் பின்னால் இன்னொரு வரி இருக்கிறது.

எஸ்டோரில் வாக்கெடுப்பு

2007 நவம்பரில் போர்ச்சுகலின் எஸ்டோரில் நகரில் சர்வதேசப் படகுப் பந்தயக் கூட்டமைப்பு கூடியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் படகுப் போட்டிக்குப் பத்துப் பதக்கப் பிரிவுகள் மட்டுமே. அதுவரை பதினொன்று. ஒருவர் எழுந்துதான் ஆக வேண்டும். வாக்கெடுப்பு முடிந்தபோது எழுந்தது கேட்டமரான். ஒற்றையுடல் படகுகளுக்குப் பல நாற்காலிகள். இரட்டையுடலுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் போயிற்று.

காரணங்களாகச் சொல்லப்பட்டவை ஓரளவு நியாயமானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். டொர்னாடோ விலை கூடிய படகு. ஓட்டும் நாடுகள் குறைவு. பெண்களுக்கு வாய்ப்பு அநேகமாக இல்லை. எல்லோருக்கும் பொது என்ற பெயரில் ஆண்களே ஓட்டிவந்தார்கள். 2008இல் பெல்ஜியத்துக்காகச் சுக்கான் பிடித்த கரோலைன் பிரௌவர் அபூர்வ விலக்கு. உறுப்பு நாடுகளில் பெரும்பாலானவற்றில் சிறுவர்கள் சின்ன ஒற்றையுடல் படகில் தொடங்கி அதே வழியில் மேலே வருகிறார்கள். வாக்குச்சீட்டு பிடித்த கைகளும் அப்படி வந்த கைகளே. தெரியாத உறவினரைக் கல்யாணப் பட்டியலிலிருந்து முதலில் அடிப்பது போல அடித்துவிட்டார்கள்.

இந்த 150 ஆண்டுகளில் யாருமே இந்தப் படகை வேகம் போதாது என்று வெளியேற்றியதில்லை. 1876இலும் 2007இலும் தீர்ப்பு கரையில், மேஜையின் மேல் எழுதப்பட்டது. 2008இல் சிங்தாவோவில் டொர்னாடோக்கள் கடைசியாக ஓடின. ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ எச்சவர்ரி, அன்டோன் பாஸ் தங்கம்; ஆஸ்திரேலியாவின் டேரன் பண்டாக், கிளென் ஆஷ்பி வெள்ளி; அர்ஜென்டினாவின் சாண்டியாகோ லாங்கே, கார்லோஸ் எஸ்பினோலா வெண்கலம். ஆஷ்பி, லாங்கே ஆகிய இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2012இல், லண்டன் ஒலிம்பிக்கின் படகுப் போட்டி நடந்த வெய்மத் கடலில் கேட்டமரான் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஒலிம்பிக் கதவைச் சாத்திய அதே காலத்தில் அமெரிக்கா கோப்பை கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கோப்பையில் கேட்டமரான் முதலில் நுழைந்ததே வழக்கு வம்பாகத்தான். 1988இல் நியூசிலாந்தின் மைக்கேல் ஃபே கோப்பையின் பழைய சாசனத்தைக் காட்டி 90 அடி நீர்மட்ட நீளமுள்ள ராட்சத ஒற்றையுடல் படகோடு சவால் விட்டார். சான் டியேகோவின் டென்னிஸ் கானர் அதே சாசனத்தை வேறுவிதமாகப் படித்து, 60 அடிக் கேட்டமரானைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் இறக்கைப் பாய் 'சின்ன அமெரிக்கா கோப்பை'யில் பழகியவர்களின் கைவேலை. கடலில் இரண்டுக்குப் பூஜ்யம். போட்டி என்று சொல்ல முடியாது. நியூயார்க் நீதிமன்றத்தில் முதலில் நியூசிலாந்து வென்றது, மேல்முறையீட்டில் தோற்றது, 1990இல்தான் முடிவு வந்தது. சட்டம் கானரை ஆதரித்தது. ரசிகர்கள் இருதரப்பையும் திட்டினார்கள். என் பார்வையில், கேட்டமரானின் பெயரைக் கெடுத்ததில் அந்த 1988க்கு எஸ்டோரிலைவிடப் பெரிய பங்கு உண்டு. மோதலுக்கு இடமில்லாத படகு, பணக்காரன் குறுக்கு வழியில் பயன்படுத்தும் படகு என்ற எண்ணம் அன்று விழுந்தது.

அந்த எண்ணம் மாறியது 2013இல், சான் பிரான்சிஸ்கோவில். 72 அடிக் கேட்டமரான்கள், இறக்கைப் பாய், அடியில் வளைந்த நீரிறகுகள். காற்று பிடித்ததும் நீரிறகுகள் படகையே தூக்கிவிடும். இரண்டு உடல்களும் நீருக்கு மேலே. மே மாதப் பயிற்சியில் ஒரு படகு கவிழ்ந்து முறிந்து, ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆங்கிலேய வீரர் ஆண்ட்ரூ சிம்ப்சன் உயிரிழந்தார். பந்தயம் வேண்டுமா என்ற கேள்வியே எழுந்தது. செப்டம்பரில் நியூசிலாந்து 8-1 என முன்னேறி, ஒரே ஒரு வெற்றி மிச்சமிருந்த நிலையில், அமெரிக்காவின் ஆரக்கிள் அணி தொடர்ந்து எட்டுப் பந்தயங்களை வென்று 9-8 என்று கோப்பையைத் தக்கவைத்தது. கேட்டமரான்கள் மோதிக்கொள்ளாது என்று சொன்னவர்கள் அதன்பிறகு வேறு காரணம் தேடவேண்டியிருந்தது. 2017இல் பெர்முடாவில் நியூசிலாந்து 7-1 எனப் பழிதீர்த்தது. அந்த அணியின் தலைவர் கிளென் ஆஷ்பி. சிங்தாவோவில் டொர்னாடோவின் கடைசிப் பந்தயத்தில் வெள்ளி வாங்கியவர்.

கோப்பையை வென்ற நியூசிலாந்தே அடுத்த போட்டிக்கு ஒற்றையுடல் படகைத் தேர்ந்துகொண்டது. கேட்டமரானுக்கு நிரந்தர நாற்காலி எங்கும் கிடையாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

திரும்பி வந்த வழி

ஒலிம்பிக்குக்கு அது திரும்பியது வேகத்தின் தயவால் அல்ல. ஒலிம்பிக் இயக்கம் ஆண், பெண் எண்ணிக்கையைச் சமன் செய்யத் துடித்துக்கொண்டிருந்தது. 2011இல் கூட்டமைப்பு ஒரு முடிவுக்கு வந்தது: 2016 ரியோவில் ஒரு கேட்டமரான் பிரிவு, அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். எந்தப் படகு என்பதற்கு 2012 மார்ச்சில் ஸ்பெயினின் சான்டாண்டரில் தேர்வு நடந்தது. கினோ மோரெல்லி, பீட் மெல்வின் கூட்டணி வரைந்த நாக்ரா 17 தேர்வானது. டொர்னாடோவைவிடச் சிறியது, நீளம் 5.25 மீட்டர். டொர்னாடோ பக்தர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பெண்ணை ஒதுக்கிய குறையே வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாக இருந்தபோது, அதைச் சரிசெய்து திரும்பியது சரியான வழி. எடை அதிகமான ஆண்கள்தான் ட்ரப்பீஸில் தொங்க வேண்டும் என்று எந்தக் காற்றும் கேட்பதில்லை.

ரியோவில் சாண்டியாகோ லாங்கே மறுபடி வந்தார். வயது 54. டொர்னாடோவில் இரண்டு வெண்கலம் வாங்கியவர். முந்தைய ஆண்டுதான் புற்றுநோய்க்காக நுரையீரலின் ஒரு பகுதியை அகற்றியிருந்தார்கள். உடன் ஓட்டியவர் செசிலியா கரான்சா, முன்பு இரண்டு ஒலிம்பிக்குகளில் தனியாள் படகு ஓட்டியவர். இறுதிப் பந்தயம் குவானாபாரா விரிகுடாவில், சர்க்கரை மலையின் கீழே. தவறுகளுக்காக இரண்டு முறை தண்டனைச் சுற்று சுற்றினார்கள். அப்படியும் ஒரே ஒரு புள்ளியில் ஆஸ்திரேலியாவை முந்தித் தங்கம். லாங்கேயின் இரு மகன்களும் அதே ஒலிம்பிக்கில் வேறு வகுப்பில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முடிவு தெரிந்ததும் கரையிலிருந்து நீரில் குதித்து நீந்திப் போய் அப்பாவின் படகைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டமரானை மறுபடி சேர்த்தது சரியா என்று கேட்க அன்று மாலை யாருக்கும் தோன்றியிருக்காது.

ரியோவுக்குப் பிறகு நாக்ராவுக்கும் நீரிறகு பொருத்தினார்கள். கத்தி போன்ற விளிம்புகள், காயங்கள் நேர்ந்தன, எதிர்ப்பும் வந்தது. ஆனால் 1970களின் தொடக்கத்திலேயே ஆங்கிலேயர் சிலர் ஒரு டொர்னாடோவில் நீரிறகு மாட்டி, 'இகாரஸ்' என்று பெயரிட்டு வேகப் பதிவுகள் செய்திருந்தார்கள். அந்த யோசனை ஒலிம்பிக் மேடையேற டோக்கியோ வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. டோக்கியோவிலும் பாரிஸ் ஒலிம்பிக்கின் மார்செய் கடலிலும் இத்தாலியின் ருஜெரோ தீத்தா, கத்தரீனா பாந்தி அடுத்தடுத்துத் தங்கம் வென்றார்கள். இந்தப் பிரிவில் அப்படித் தக்கவைத்த ஜோடி அவர்களுக்கு முன் ஹகாரா, ஸ்டைனாக்கர் மட்டுமே.

ஒலிம்பிக்குக்கு வெளியே, 2017 கோப்பைப் படகுகளையே திருத்தி எஃப்50 என்ற ஒரே மாதிரிக் கேட்டமரான்களாக்கி, 2019இல் செயில் ஜிபி என்ற நாடுகளின் தொடர் பந்தயம் தொடங்கியது. அதே ஆண்டு இங்கிலாந்தின் கவ்ஸில் ஆஸ்திரேலிய அணி 50 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 93 கிலோமீட்டர் எல்லையைத் தாண்டியது. இதில் ஓர் அணியின் சுக்கானைப் பிடித்த முதல் பெண் பிரேசிலின் மார்ட்டின் கிராயெல். லார்ஸ் கிராயெலின் அண்ணன் மகள். சித்தப்பா ஒரு கேட்டமரானில் விட்ட கயிற்றை அண்ணன் மகள் இன்னொன்றில் பிடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலிலும் ஆண்-பெண் ஜோடிக்கான நாக்ரா 17 இருக்கிறது. பத்துப் பிரிவில் ஒன்று. இன்னும் அந்த ஒற்றை நாற்காலிதான்.

இனி நம் கரைக்கு வருகிறேன். நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் நால்வரும் தமிழ்நாட்டிலிருந்து டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார்கள். முதல் இருவர் பாரிஸுக்கும் போனார்கள். லேசரிலும் 49இயரிலும் போனார்கள், எல்லாம் ஒற்றையுடல். கட்டுமரம் என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த கரையிலிருந்து கேட்டமரானில் ஒலிம்பிக் போனவர் இன்றுவரை இல்லை. கட்டுமரமே ஃபைபர் படகுக்கு இடம் விட்டுக் கரையேறிக்கொண்டிருக்கும் காலம் இது. ஆனால் காற்றைத் தோலால் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், வாடைக்கும் சோழகத்துக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்த பிள்ளைகள், மீனவக் குப்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். பையன்கள் மட்டுமல்ல.

2018 புவெனோஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக்கில் ஓடிய நாக்ரா 15 என்ற பயிற்சிக் கேட்டமரான், இருவர் ஓட்டுவது, பழையது கிடைக்கும். இந்த மலரின் விளம்பர வருவாயில் அச்சுக்கூலி போக மிஞ்சுவதை முதல் தவணையாக வைத்து, ஒன்றே ஒன்று வாங்கிக் கரையில் நிறுத்துங்கள். முதல் நாள் அதில் ஏற ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் நான் குப்பத்திலிருந்து அழைத்துவருகிறேன். கட்டுரைக்குச் சன்மானம் வேண்டாம். அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.